பழைய முதிரைக் கதவுப் பலகையில் தமிழ் எண்களுடன் ஒரு சுவர் மணிக்கூடு

கடலோரவீடு (வெள்ளவத்தை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வீட்டைத் திருத்தியபோது கழற்றிய முதிரைக் கதவொன்றின் பலகைகளை லொறியில் கொழும்புக்குக் கொண்டுவந்து, எங்கள் அடுக்குமாடி வீட்டின் விறாந்தையில் அடுக்கி வைத்திருக்கிறோம். வரவேற்பறையில் மாட்டுவதற்கு அந்தப் பலகையிலேயே வட்ட வடிவச் சுவர் மணிக்கூடு ஒன்றை என் கையால் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். முகப்பில் 1, 2, 3 என்பதற்குப் பதிலாகத் தமிழ் எண்களைப் பதிக்கும் எண்ணமும் உண்டு.

பலகை ஒவ்வொன்றும் 22 சென்றிமீற்றர் அகலமும் 28 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. ஒரு பக்கத்தில் பழைய பச்சைப் பெயின்ற் இருக்கிறது. நான் நினைத்திருக்கும் வட்டத்தின் விட்டம் 36 சென்றிமீற்றர் என்பதால் பலகைகளை ஒட்டித்தான் ஆக வேண்டும். என்னிடம் கை டிரில் ஒன்று, ஜிக்சோ வாள் ஒன்று, நான்கு கிளாம்புகள், இரண்டு உளிகள் ஆகியவை மட்டுமே உள்ளன. மரத்தில் குழி குடையும் ரௌட்டர் இயந்திரம் இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை.

இவ்வளவு தடித்த பலகைக்கு ஏற்ற மணிக்கூட்டு மெஷின் கிடைக்குமா, அல்லது பின்பக்கத்தைக் குடைய வேண்டுமா என்பது என் முதல் ஐயம். பகலில் கடற்காற்றும் இரவில் குளிரூட்டியும் மாறி மாறி வீசும் அறையில் ஒட்டிய பலகை பிளக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவற்றைத் தமிழ் எண்களில் எவ்வாறு எழுதுவது முறை என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

சீவுளி (மொறட்டுவை) எழுதியது:

தங்கைக்கு வணக்கம். முதிரையை ஒரு தடவையேனும் சீவிப் பார்த்தவர்களுக்கு அதன் அழகும் தெரியும், பிடிவாதமும் தெரியும். ஒரு கனமீற்றர் ஏறக்குறைய 950 கிலோகிராம் வரும் மரம் அது. நீங்கள் சொல்லும் வட்டத்தை 25 மில்லிமீற்றர் தடிப்பில் செய்தால் மரம் மட்டுமே இரண்டரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகவே எந்த ஆணியிலும் தொங்கவிடக்கூடிய மணிக்கூடாக இது இருக்காது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் உள்ளன. கதவுப் பலகையில் வெளியே தெரியாத பழைய ஆணிகள் ஒடிந்து உள்ளே இருக்கலாம். ஆகவே பலமான காந்தம் ஒன்றைப் பலகையின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், அது இழுபடும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, வாளும் சீவுளியும் அந்தப் பக்கம் போகாதபடி வெட்டும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். இரண்டாவது, அந்தப் பச்சைப் பெயின்ற். பழைய எண்ணெய்ப் பெயின்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தூளாக்க வேண்டாம், குறிப்பாகச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பெயின்ற் நீக்கும் திரவத்தைப் பூசி, அது இளகியதும் சுரண்டியெடுத்து, சுரண்டலைப் பழைய பத்திரிகைத் தாளில் மடித்து அகற்றுங்கள். பெயின்ற் போன பிறகும் முகமூடி அவசியம். முதிரைத் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். கையுறையும் நீளக் கைச் சட்டையும் அணிந்துகொள்வது நல்லது.

இனி ஒட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த வேலையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. 36 சென்றிமீற்றர் அகலம் வேண்டும் என்றவுடன் எல்லோருக்கும் தோன்றுவது தலா 18 சென்றிமீற்றரில் இரண்டு துண்டுகளை ஒட்டுவதுதான். அப்படிச் செய்தால் ஒட்டு நேராக வட்டத்தின் நடுவால் போகும். அதே நடுவில்தான் மெஷினுக்காகப் பின்பக்கத்தைக் குடையப் போகிறீர்கள்; குடைந்த பிறகு அங்கே எஞ்சப்போவது எட்டு மில்லிமீற்றர் மரம் மட்டுமே. மிகவும் மெலிந்த இடத்தில் ஒட்டையும் வைத்து, அதன் மேலேயே துளையையும் போட்டு, நட்டு ஒன்றையும் இறுக்கினால் அது எத்தனை காலம் தாங்கும்? ஆகவே 11, 14, 11 சென்றிமீற்றர் என்று மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். அப்போது இரண்டு ஒட்டுகளும் நடுவிலிருந்து ஏழு சென்றிமீற்றர் தள்ளி விழும். குடையும் இடம் முழுவதும் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும், முன்னாலிருந்து பார்க்கும்போதும் இரு பக்கமும் ஒத்திருக்கும்.

மூன்று துண்டுகளிலும் மரத்தின் நார் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒட்டும் விளிம்புகளைச் சீவிய அன்றே ஒட்டுங்கள். முதிரை போன்ற அடர்ந்த மரத்தில் பல நாள் கிடந்த விளிம்பு பசையை நன்றாகப் பிடிக்காது. சாதாரண வெள்ளைப் பசையும் போதும் என்பார்கள். என் தெரிவு இரண்டு பகுதிகளைக் கலக்கும் எப்பொக்சி. கிளாம்பை இறுக்கும்போது விளிம்பு நெடுகிலும் பசை சிறு மணிகளாகப் பிதுங்கி வர வேண்டும். ஓரிடத்தில் வராவிட்டால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். கழற்றி மீண்டும் சீவுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நாள் முழுவதும் கிளாம்பை அசைக்காதீர்கள்.

பிளப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்றில் ஈரம் கூடும்போது பலகை நாருக்குக் குறுக்காக விரியும், குறையும்போது சுருங்கும். நாரின் நீளத்தில் மாற்றம் அனேகமாக இருக்காது. கொழும்பின் திறந்த சன்னலுக்கும் குளிரூட்டி ஓடும் அறைக்கும் இடையிலான ஈர வேறுபாட்டில் 36 சென்றிமீற்றர் அகலமான பலகை, அறுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரை அகலம் மாறக்கூடும். அந்த அசைவைத் தடுக்க முயன்றால்தான் பலகை பிளக்கும், ஆகவே அதற்கு இடம் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் வளைவைத் தடுக்கக் குறுக்குச் சட்டங்கள் இரண்டை வைப்பதானால் அவற்றைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். சட்டத்தில் துளைகளைச் சிறிது நீளவாக்கில் அகட்டி, வாஷர் வைத்துத் திருகாணியால் மட்டும் பூட்டுங்கள். அதே காரணத்தால் வட்டத்தைச் சுற்றி இறுக்கமான பித்தளை வளையம் போடும் யோசனை இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

வட்டம் வெட்டும்போது ஜிக்சோவைக் கோட்டின் மேலேயே ஓட்டாமல் இரண்டு மில்லிமீற்றர் வெளியே விட்டு வெட்டி, மிகுதியை அரத்தாலும் சாண்ட் பேப்பராலும் கோடு வரை கொண்டுவாருங்கள். இந்த மரத்தில் ஜிக்சோ அலகு சூடேறி ஓரத்தைக் கருக்கிவிடும் என்பதால் இடையிடையே நிறுத்துங்கள். அல்லது ஒட்டிய பலகையை எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுவந்தால் பாண்ட்சோ என்ற பட்டைவாள் இயந்திரத்தில் சில நிமிடங்களில் வெட்டித் தருவார்கள். காலி வீதியை அண்டிய மொறட்டுவைப் பட்டறைகளில் இத்தகைய சிறு வேலைகளையும் மறுக்காமல் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மின்கலம் (தெகிவளை) எழுதியது:

மரத்தைப் பற்றிச் சீவுளி ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள்: பலகையில் கை வைப்பதற்கு முன்பே மெஷினை வாங்கி மேசையில் வையுங்கள். துளையின் அளவு, குடையும் ஆழம், முள்ளின் நீளம் ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே அமையும். கையில் இல்லாத பொருளுக்கு அளவெடுத்து மரத்தைக் குடைவது நல்லதல்ல.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் குவார்ட்ஸ் மெஷின் ஏறக்குறைய 56 மில்லிமீற்றர் சதுரமான பிளாஸ்டிக் பெட்டி. தடிப்பு 16 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், ஏஏ அளவுப் பற்றரி ஒன்றில் ஓடும். அதனுள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையை மின்சுற்று பதினைந்து தடவை இரண்டால் வகுத்து, செக்கனுக்கு ஒரு துடிப்பாக்கி, சிறு மோட்டருக்கு அனுப்புகிறது. ஆகவே விலை குறைந்த மெஷின்கூட நேரத்தை நன்றாகவே காக்கும். மெஷினைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை தண்டின் நீளமும் முள்ளைத் தூக்கும் வலுவும்தான்.

தண்டின் நீளத்தில் பலரும் ஏமாறுவதுண்டு. பொதியில் அச்சிட்டிருப்பது சில வேளை தண்டின் முழு நீளமாக இருக்கும், உங்களுக்கு வேண்டியதோ மரை வெட்டிய பகுதியின் நீளம். பலகையில் எஞ்சும் தடிப்போடு வாஷருக்கும் நட்டுக்குமாக மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றரைக் கூட்டிக்கொள்ளுங்கள். 8 மில்லிமீற்றர் மரம் எஞ்சுவதானால் 12 மில்லிமீற்றர் மரையுள்ள தண்டு பொருந்தும். 25 மில்லிமீற்றர் பலகையை அப்படியே ஊடுருவும் நீளத் தண்டு உள்ள மெஷின்கள் அரிது. கிடைத்தாலும் பெட்டி முழுவதும் பலகைக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே குடைவதே சரி.

ரௌட்டர் இல்லாமல் குடைவதற்கு, சமையலறை அலுமாரிக் கதவுகளின் பிணைச்சல்களுக்காகத் துளையிடப் பயன்படும் 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டையான டிரில் அலகு நன்றாக உதவும். பழைய சோனகத் தெரு வன்பொருட் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒன்றையொன்று சற்று மேவும்படி நான்கு மூலைகளிலும் துளையிட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் எடுத்துவிட்டால் சதுரக் குழி தயாராகிவிடும். அந்த அலகின் நடுவில் உள்ள கூர்முனை குழியின் அடியிலிருந்து மேலும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் இறங்கும் என்பதால் ஆழத்தை டிரிலில் நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். குழியை 56 மில்லிமீற்றருக்கு அச்சொட்டாக எடுக்காமல் 62 வரை அகலமாக எடுங்கள். பற்றரி கழற்றும் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் கரண்டியால் நெம்ப வேண்டியிருக்கும். நடுத் துளை 8 மில்லிமீற்றரை விடச் சற்றே பெரிதாக இருக்கட்டும்; அதை முன்பக்கத்திலிருந்து, கீழே வேறொரு பலகைத் துண்டை அழுத்தி வைத்துக்கொண்டு துளைத்தால் ஓரம் பெயராது.

முட்களைப் பற்றி: மரத்திலேயே முட்களையும் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து இந்த மணிக்கூட்டுக்கு வேண்டாம். முள் 6 இலிருந்து 12 நோக்கி ஏறும்போது அதன் முழு எடையையும் அந்தச் சிறு மோட்டர் தூக்க வேண்டும். பற்றரி தளர்ந்த மணிக்கூடுகளில் செக்கன் முள் பெரும்பாலும் 9 இன் அருகே நின்று துடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுவே. உங்கள் வட்டத்துக்கு 12 சென்றிமீற்றர் அளவில் மெல்லிய அலுமினிய நிமிட முள் போதும், சாதாரண மெஷினே அதைத் தாங்கும். அதைவிடப் பெரிய முகப்பானால் முறுக்குவலு கூடிய மெஷின் தேவைப்படும். படுக்கையறைக்குப் பக்கத்துச் சுவரென்றால் செக்கனுக்குச் செக்கன் தட்டாமல் வழுக்கிச் செல்லும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பூட்டும்போது மெஷினுக்கும் மரத்துக்கும் இடையில் ரப்பர் வாஷரும், முன்பக்கத்தில் பித்தளை வாஷரும் நட்டும் வரும். நட்டைக் கையால் இறுக்கி, அதன் பிறகு சாவியால் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மணி முள்ளையும் நிமிட முள்ளையும் நேராகப் பன்னிரண்டுக்கு வைத்து அழுத்திப் பூட்டிய பின், பின்னால் உள்ள சக்கரத்தைத் திருப்பி, முழு வட்டமும் ஒன்றையொன்று தொடாமல் செல்கின்றனவா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

பழையவீட்டான் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

எனக்கு வேறொரு எண்ணம் தோன்றுகிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவுப் பலகையை மூன்றாகக் கீறி, ஒட்டி, வட்டமாக வெட்டிய பிறகு அது கதவாக இருந்தது என்பதற்கு என்ன அடையாளம் மிஞ்சும்? 22 சென்றிமீற்றர் அகலத்தை அப்படியே வைத்து, 45 சென்றிமீற்றர் நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டி, மேற்பகுதியில் 18 சென்றிமீற்றர் வட்டத்தில் எண்களை அமைத்தால் ஒட்டு வேலையே இல்லை. பச்சைப் பெயின்றை முழுவதும் நீக்காமல் பழமை தெரியும்படி விட்டுவிடலாம். நாதாங்கி இருந்த தழும்பையும் மறைக்காமல் கீழ்ப்பகுதியில் வரும்படி வெட்டலாம். மரத்தின் அசைவும் ஒரே பலகையில் தானாகவே இயல்பாக நடக்கும்.

சீவுளி எழுதியது:

பழையவீட்டான் சொல்லும் நீள்சதுர யோசனையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்; முதல் வேலையாகச் செய்பவருக்கு அதுவே பொருத்தம். 22 சென்றிமீற்றர் பலகையில் அசைவும் குறைவு, எடையும் ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிடும். ஆனால் பெயின்றை விட்டுவைப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஈயம் இருக்கக்கூடிய, உதிரும் நிலையில் உள்ள பெயின்றை வீட்டுக்குள் தொங்கவிடுவது சரியல்ல. தழும்பையும் ஆணித் துளைகளையும் வைத்துக்கொள்ளுங்கள், அவை போதும்.

எண்ணும்எழுத்தும் (பம்பலப்பிட்டி) எழுதியது:

தமிழ் எண்கள் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பழைய முறையில் பத்துக்கு ௰ என்ற தனிக் குறி உண்டு; பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. சுழியத்தைப் பயன்படுத்தும் இக்கால முறையில் அவை ௧௦, ௧௧, ௧௨ என்று அமையும். இரண்டும் வழக்கில் உள்ளவையே. நூறாண்டுப் பழமையான மரத்துக்கு ௰ பொருந்தும் என்பது என் கருத்து. பார்வைக்கும் அது நன்று: பத்தாம் இடத்தில் ஒற்றைக் குறியும் அடுத்த இரண்டிடங்களில் இரட்டைக் குறியும் வரும்போது உச்சியில் உள்ள பன்னிரண்டு தானாகவே எடுப்பாகத் தெரியும். மொரீசியஸ் நாட்டின் தாள்காசுகளில் இன்றும் தமிழ் எண்கள் அச்சிடப்படுகின்றன. நம் வீட்டுச் சுவரில் அவை இருப்பதில் வியப்பெதுவும் இல்லை.

அச்சு மாதிரி எடுக்கும்போது எண்ணுக்குப் பதிலாக அதைப் போன்ற எழுத்தைத் தட்டச்சு செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு. ஐந்துக்கு ‘ரு’ என்றும் ஆறுக்குச் ‘சு’ என்றும் அடித்துவிடுவார்கள். எண்ணின் வடிவம் பல எழுத்துருக்களில் அந்த எழுத்திலிருந்து சற்று வேறுபடும் என்பதால் யுனிகோடில் உள்ள எண் குறிகளையே பயன்படுத்துங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது ௧ உம் ௪ உம் ஒன்றுபோல் தோன்றக்கூடும், ௪ உம் ௬ உம் வாலில் மட்டுமே வேறுபடும். கோடு மெலிந்த அலங்கார எழுத்துருவைத் தவிர்த்துத் தடித்த எழுத்துருவைத் தெரிவு செய்யுங்கள். உரோம எண்களைச் சில முகப்புகளில் நடுவை நோக்கிச் சாய்த்து, கீழே வருபவற்றைத் தலைகீழாக அமைப்பார்கள். தமிழ் எண்களை அவ்வாறு சாய்த்தால் வாசிக்கவே முடியாது. பன்னிரண்டு எண்களும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

பதிக்கும் முறைக்கு வந்தால், முதிரையில் நாரோட்டம் முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால் ௧, ௮ போன்றவற்றின் சிறு சுழிகளைக் கையால் செதுக்குவது தேர்ந்த கைக்கும் கடினம். சுழியின் நடுவில் நிற்கும் மரத்துணுக்கு பெயர்ந்து வந்துவிடும். அச்சுத்தகடு வெட்டிப் பெயின்ற் பூசுவதானாலும் அதே சிக்கல் வேறு வடிவில் வரும்: மூடிய சுழியின் உட்பகுதி தகட்டிலிருந்து கழன்று விழுந்துவிடும் என்பதால் மெல்லிய பாலம் ஒன்றை விட்டு வெட்ட வேண்டும், பூசி முடிந்தபின் அந்த இடைவெளியைத் தூரிகையால் நிரப்ப வேண்டும். லேசர் வெட்டும் கடையொன்றில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில் எண்களை வெட்டுவித்து ஒட்டுவது மிக எளிது. பித்தளைதான் வேண்டுமென்றால் உலோகம் வெட்டும் லேசர் உள்ள இடமா என்று முதலில் கேளுங்கள். அக்ரிலிக்கும் மரமும் வெட்டும் சாதாரண இயந்திரங்கள் பித்தளையை வெட்ட மாட்டா.

இடங்களைக் குறிப்பதற்குப் பாகைமானியை நம்ப வேண்டாம். எண்கள் நிற்கும் வட்டத்தைக் கவராயத்தால் வரைந்து, கவராயத்தை அதே ஆரையில் வைத்து வட்டத்தைச் சுற்றி அடியெடுத்தால் ஆறு புள்ளிகள் சரியாக விழும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவைக் கண்டால் மற்ற ஆறும் கிடைத்துவிடும். சரிபார்க்க வேண்டுமென்றால், ஆரை 140 மில்லிமீற்றரானால் அடுத்தடுத்த இரண்டு எண்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் 72.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஆரை 80 ஆனால் 41.4.

கடலோரவீடு எழுதியது:

எல்லோருடைய பதில்களையும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நீள்சதுரப் பலகையே எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது. பெயின்றை முழுமையாக நீக்கி, நாதாங்கித் தழும்பைக் கீழே வைத்து, எண்களைப் பித்தளையில் ௰ முறையில் அமைக்க முடிவு செய்துவிட்டேன். அலகும் மெஷினும் வாங்கப் புறக்கோட்டைக்குச் செல்வதற்கு முன் மெருகைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மா பழைய முறைப்படி அரக்குப் பொலிஷ் போடச் சொல்கிறார். அது கடற்காற்றைத் தாங்குமா? அடுக்குமாடிச் சுவரில் இந்த எடையை எப்படி மாட்டுவது?

சீவுளி எழுதியது:

அரக்குப் பொலிஷ் முதிரையில் கொடுக்கும் பொன்னிற ஒளியை வேறு எதுவும் கொடுப்பதில்லை, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனினும் ஈரக் காற்றில் அது வெண்மை பூக்கும். உங்கள் வீடு கடலுக்கு அவ்வளவு அருகில் என்பதால் அரக்கை முதல் இரண்டு பூச்சுகளாகப் போட்டு நிறத்தை எடுத்துக்கொண்டு, அது நன்றாகக் காய்ந்தபின் அதன் மேல் எண்ணெய் வார்னிஷை மெல்லியதாக இரண்டு பூச்சுகள் போடுங்கள். அரக்கில் மெழுகு நீக்கிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும், மெழுகுள்ள அரக்கின் மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. மழை பெய்யும் நாளில் எந்தப் பூச்சையும் தொடாதீர்கள்.

சாண்ட் பேப்பரை 120 ஆம் இலக்கத்தில் தொடங்கி, 180, 240 என்று ஏறி, மேலும் கீழுமுள்ள வெட்டுமுகங்களை மட்டும் 320 வரை கொண்டுபோங்கள். வெட்டுமுகம் பூச்சை அதிகம் உறிஞ்சி இருண்டுவிடும் என்பதால் அங்கே முதற் பூச்சை நன்றாக நீர்க்கச் செய்து போட வேண்டும். யாருக்கும் தெரியாத பின்பக்கத்துக்கும் குடைந்த குழியின் உட்புறத்துக்கும் முன்பக்கத்துக்கு எத்தனை பூச்சோ அத்தனை பூச்சு அவசியம். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை மறுபக்கத்தால் மட்டும் வாங்கி வளைந்துவிடும். எண்ணெயோ வார்னிஷோ துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட வேண்டாம், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விறாந்தைக் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். பித்தளை எண்களை ஒட்டும் முன் அவற்றுக்கும் நிறமற்ற லாக்கர் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் கடலுப்பு அவற்றைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். முதலில் மெருகு, பிறகு எண்கள், கடைசியாக மெஷின் என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள்.

மாட்டுவதற்கு மெஷினின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் கொளுவியைப் பயன்படுத்தவே கூடாது. அது கடதாசி முகப்புக்கு உரியது. பலகையின் பின்பக்கத்தில், மேல் விளிம்பிலிருந்து ஐந்து சென்றிமீற்றர் கீழே, திருகாணிகள் இரண்டால் உலோகக் கொளுவி ஒன்றைப் பூட்டுங்கள். முதிரையில் முன்துளை இடாமல் திருகாணி ஏற்றினால் திருகாணியின் தலைதான் முறியும். சுவரில் 6 மில்லிமீற்றர் கொங்கிறீற் அலகால் துளைத்து, பிளாஸ்டிக் பிளக் வைத்து, 50 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை ஏற்றி, தலை சிறிது வெளியே நிற்கும்படி விடுங்கள். குளிரூட்டியின் காற்று நேராகப் படும் சுவரையும் மாலை வெயில் விழும் சுவரையும் தவிருங்கள். பலகையின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் பொட்டுகளை ஒட்டினால் சுவருக்கும் மரத்துக்கும் இடையில் காற்று ஓடும், பெயின்றும் கீறாது. பற்றரியை ஆண்டுக்கொரு முறை, நின்றுபோகும் வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். தீர்ந்த பற்றரி கசிந்தால் மெஷினின் செப்புத் தகடுகள் பச்சை பிடித்துவிடும், உங்கள் பக்கத்துக் காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும்.